மணமுறிவும் ஒரு சைக்கிள் யாத்திரையும்



நெடுவழி நடந்து ஒரு கருத்தை ஊருக்கு உணர்த்துவது நம்மவர்க்குப் புதிய வழக்கமன்று. வடக்கேயிருந்து புறப்பட்டு, கிழக்குக் கரையோரமாக நடந்து, காட்டுவழியே கதிர்காமம் வந்து சேரும் பாதயாத்திரை அடியார்களை ஊவா மாகாணத்தார் நன்கு அறிவர். கதிர்காமம் நம் மாகாணத்து மொனராகலை மாவட்டத்திலேதான் இருக்கிறது. அண்மைக் காலத்தில், 2023 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 28 ஆம் நாள் தலைமன்னாரிற் புறப்பட்டு ஆகஸ்ட் 12 ஆம் நாள் மாத்தளையை அடைந்த மலையக நடைபயணத்தையும் நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். தென்னிந்தியத் தொழிலாளர் இத்தீவின் தோட்டங்களுக்கு வரத் தொடங்கி இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைவூட்டி, அம்முன்னோர் நடந்த தடத்திலே அவர்தம் சந்ததியார் நடந்தனர். மனுக் கொடுத்தபோது கேளாத காதுகள் சில, மக்கள் நடந்து வந்தபோது கேட்டன.

இவற்றை இங்கே எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. என்னிடம் கல்வி பயின்று இன்று வெவ்வேறு ஊர்களில் உத்தியோகம் பார்க்கும் இளைஞர் சிலர், சில மாதங்களுக்கு முன் ஒரு யோசனையோடு வந்தனர். செங்கலடியிலிருந்து மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை வழியாகப் பதுளை வரை, சுமார் 150 கிலோமீற்றர் தூரம் சைக்கிளோட்டி வந்து, மணமுறிவினால் நிர்க்கதியான குடும்பங்களுக்கு நிதி திரட்டுவதும், மணமுறிவைப்பற்றி மக்களுக்கு அறிவூட்டுவதும் அவர்களுடைய நோக்கம். அருகிலிருந்த ஆசிரியர் ஒருவர், "புற்றுநோய்க்கு ஓடுகிறார்கள், கண்தானத்துக்கு நடக்கிறார்கள், விவாகரத்துக்குமா சைக்கிள்?" என்று கேட்டுச் சிரித்தார். யாவரும் சிரித்தோம். பின்னர் எண்ணிப் பார்க்கையில், அந்தச் சிரிப்பே ஆராயத்தக்கதாகத் தோன்றிற்று.

கனடா நாட்டில் 1980 ஆம் ஆண்டு ரெரி பொக்ஸ் என்ற இளைஞர், புற்றுநோயினால் ஒரு காலை இழந்தவர், செயற்கைக் காலோடு 143 நாட்கள் ஓடி 5,373 கிலோமீற்றர் கடந்தார். நோய் மீண்டும் பற்றியதனால் இடைவழியில் ஓட்டம் நின்றது. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். ஆயினும் அவர் பெயரால் உலகின் பல நாடுகளில் இன்றும் மக்கள் ஓடி நிதி சேர்க்கின்றனர். நோயாளியைக் கண்டால் யாரும் "இது யார் குற்றம்?" என்று கேட்பதில்லை, கை தானாகவே சட்டைப்பைக்குப் போகிறது. மணவாழ்வு முறிந்த பெண்ணைக் கண்டாலோ, முதலில் எழுவது அந்த வினாவே. அவள் வாய் பொல்லாதவளா? அவன் குடிகாரனா? மாமியார் கொடுமையா? லயத்துக் கோடியிலும் கேட்கிறார்கள், குழாயடியிலும் கேட்கிறார்கள், கோயில் திண்ணையிலும் கேட்கிறார்கள். பிள்ளைகளுக்கு நாளைக்குச் சோறு எங்கிருந்து வரும் என்று கேட்பவர் அரியர்.

இதிலே வியப்பு என்னவெனில், நம் நாட்டின் பொதுச் சட்டமும் ஏறத்தாழ அந்தக் குழாயடி வினாவையே கேட்கிறது. 1907 ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி மணம் புரிந்தவர்கள் விவாகரத்துப் பெறுவதற்கு மூன்று காரணங்களே கூறப்பட்டுள்ளன. மணத்தின் பின் நிகழ்ந்த சோரம் ஒன்று. வன்மத்தோடு கைவிட்டுச் செல்லுதல் ஒன்று. மணவேளையிலேயே இருந்த தீராத ஆண்மையின்மை ஒன்று. "எங்கள் இருவருக்கும் ஒத்துவரவில்லை, அமைதியாகப் பிரிந்து போகிறோம்" என்பது இம்மூன்றில் அடங்காது. ஒருவர் மற்றவரைக் குற்றவாளியாக்கி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தாக வேண்டும். தீர்ப்பு வந்தாலும் அது முதலில் இடைக்காலத் தீர்ப்பே. மூன்று மாதமாவது சென்ற பின்னரே அது முடிந்த தீர்ப்பாகும்.

பதுளை நகரிலே வாழ்வோர்க்கு இதிலொரு விசித்திரம் கண்ணெதிரே தெரியும். ஊவா பழைய கண்டி இராச்சியத்தைச் சேர்ந்த நாடு. ஆதலின் 1952 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கக் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டத்தின்கீழ் மணம் பதிந்த சிங்களக் குடும்பங்கள் இங்கே நிறைய உண்டு. அவர்கள் வழக்கு மன்றம் ஏறவேண்டுவதில்லை. மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பிக்கலாம். இருவரும் ஒருமனதாக இசைந்து பிரிவதும் அச்சட்டத்தில் ஒரு காரணமாக ஏற்கப்பட்டிருக்கிறது. முஸ்லிம் மக்களுக்கு 1951 ஆம் ஆண்டுச் சட்டமும் காதி நீதிமன்றமும் உள. அடுத்தடுத்த இரண்டு வீடுகளில் ஒரே மாதத்தில் இரண்டு மணங்கள் முறியுமாயின், கிராமத்து வீட்டார் பதிவாளரின் மேசைக்கும், தோட்டத்து வீட்டார் நீதிமன்றத்துக்குமாக வேறு வேறு வழி போவர். எது சிறந்த முறை என்று தீர்ப்புக் கூற யான் சட்டம் பயின்றவன் அல்லேன். ஆனால் எந்த வழி ஏழைக்கு எளிது என்பதை அறியச் சட்டம் பயில வேண்டியதில்லை.

தோட்டத்துப் பெண்ணொருத்தி ஒரு நாள் நீதிமன்றம் போவதென்றால் அன்றைக்கு அவளுக்குப் 'பேர்' இல்லை. கொழுந்தெடுக்காத நாளுக்குச் சம்பளமில்லை என்பது நேயர்களுக்குத் தெரிந்ததே. மடுல்சீமையிலிருந்தோ நமுனுகுலை மலையடியிலிருந்தோ அதிகாலையிற் புறப்பட்டு, பஸ் மாறி, பதுளைக்கு வந்து, "வழக்கு ஒத்திவைக்கப்பட்டது" என்ற ஒரு வாக்கியத்தைக் கேட்டுவிட்டு மாலையில் திரும்ப வேண்டும். இரண்டு தவணை இப்படிப் போனால் மூன்றாந் தவணைக்கு அவள் வருவதில்லை.

ஆகவே தோட்டங்களில் வேறொரு முறை வழங்கி வருகிறது. தலைவர் வீட்டிலோ கோயிற் கமிட்டியிலோ பெரியவர்கள் கூடி, பண்ட பாத்திரங்களைப் பங்கிட்டு, ஒரு தாளில் எழுதி இருவரிடமும் கையொப்பம் வாங்கி, 'பிரித்து விடுவார்கள்'. சில வேளை அத்தாளில் முத்திரையும் ஒட்டப்பட்டிருக்கும். பொலிஸ் நிலையத்திலே சமாதானமாக எழுதி முடித்ததும் உண்டு. பெரியவர்களின் நல்லெண்ணத்தை நான் குறைத்துப் பேசவில்லை. பல வீடுகளிற் கத்தியெடுக்காமல் காத்தவர்கள் அவர்களே. ஆனால் பதிவு செய்யப்பட்ட மணத்தை அந்தத் தாள் அறுக்காது. முத்திரை பத்து ஒட்டினாலும் அறுக்காது. அதை நம்பி ஒருவன் வேறொருத்தியைப் பதிவு செய்து மணப்பானாயின் அம்மணம் செல்லாது. அது தண்டனைக்குரிய குற்றமுமாகும். அந்த இரண்டாமவளுக்கும் அவள் பெறும் பிள்ளைகளுக்கும் பின்னாளில் நேரும் இடரை எண்ணுங்கள். அவள் யாருக்கும் தீங்கு செய்தவளல்லள். தாளை நம்பினாள், அவ்வளவே.

மறுபக்கத்தில், பதிவே செய்யாத மணங்களும் பல. கோயிலிலே தாலி கட்டி, ஊரறிய விருந்து வைத்து வாழ்ந்தவர்களை வழக்காற்று மணம் புரிந்தவர்களாக நம் நீதிமன்றங்கள் ஏற்றுக்கொள்வதுண்டு. எனினும் அதை நிறுவச் சாட்சி தேட வேண்டும். கட்டிவைத்த பூசகர் இறந்திருப்பார். மேளம் வாசித்தவர் வேறு தோட்டம் போயிருப்பார். 1995 ஆம் ஆண்டிலே மணவயது பதினெட்டாக உயர்த்தப்பட்டது. மிகவும் நல்ல திருத்தம். ஆயினும் அதற்கு முன்னரே பெண்ணை ஒருவனோடு அனுப்பிவிடும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். பதினாறு வயதிற் போனவள் பதிவின்றியே போகிறாள். இருபது வயதிற் கைக்குழந்தையோடு திரும்பி வருகையில் காட்டுவதற்கு அவளிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

"தோட்டப் பக்கத்தில் கட்டுவதும் விடுவதும் சர்வசாதாரணம்" என்று நகரத்துக் கனவான்கள் சிலர் ஏளனமாகப் பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். முப்பது ஆண்டுகளாக இந்த மலைகளிலே ஆசிரியத் தொழில் பார்ப்பவன் என்ற முறையிற் சொல்லுகிறேன்: அது பொய். பிரிவின் துயர் எங்கும் ஒன்றே. கொழும்பிலே பிரிவோரிடம் காகிதம் இருக்கிறது. இங்கே காகிதம் இல்லை. வேறுபாடு அவ்வளவிலேதான்.

அன்றியும், மலையகத்துப் பிரிவுகள் யாவும் கணவன் மனைவியர் பிணக்கினால் விளைந்தவையும் அல்ல. 1964 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் சிறிமாவோ-சாஸ்திரி உடன்படிக்கை கைச்சாத்தானது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்குவதென்றும் எண்களைப் பங்கிட்டார்கள். எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கணக்கு மிகச் சரியாக வகுபட்டது. குடும்பங்கள் அவ்வாறு வகுபடவில்லை. ஒரே வீட்டில் ஒருவர் இந்தியப் பிரசையாகவும் மற்றவர் இலங்கைப் பிரசையாகவும் ஆகிப் பிரிந்த வரலாறுகள் உண்டு. மலைநாட்டுப் புகையிரத நிலையங்களிலே தலைமன்னாருக்குப் போவோரை வழியனுப்பக் கூடியவர்கள் எழுப்பிய ஓலத்தினால் அந்த வண்டிக்கு 'அழுகைக் கோச்சி' என்றே பெயர் வழங்கிற்று. முன்னே போய் இடம் பார்த்துக் கடிதம் போடுகிறேன் என்று போனவர் சிலரிடமிருந்து கடிதம் வரவில்லை. 1984 இல் தலைமன்னார்க் கப்பற் போக்குவரத்தும் நின்றது. இக்கரையில் இருந்தவள் கைம்பெண்ணும் அல்லள், வாழ்வரசியும் அல்லள். அவளுக்கு நேர்ந்ததை மணமுறிவென்று எந்தப் பதிவேடும் எழுதவில்லை. பொட்டு வைப்பதா, விடுவதா என்று அவளே தீர்மானிக்க வேண்டியிருந்தது. அத்தகைய பாட்டிமார் நம் தோட்டங்களில் நெடுங்காலம் வாழ்ந்தனர்.

இன்று கோச்சியின் இடத்தை விமானம் பிடித்திருக்கிறது. மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்ணாகப் போகும் தாய் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் போகிறாள். அவள் அனுப்பும் பணம் என்னவாயிற்று என்ற கேள்வியோடு பல வீடுகளிற் பிணக்குத் தொடங்குகிறது. இதைப்பற்றி முன்னரே பலரும் பேசியிருக்கிறார்கள், நான் விரிக்கவில்லை.

பாடசாலையிலே இவையெல்லாம் எங்களுக்கு வேறு வடிவில் வந்து சேர்கின்றன. முதலாந் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்க வரும் தாய் பிறப்புச் சான்றிதழை மடித்து, மடித்த பக்கம் மேலே தெரியாவண்ணம் நீட்டுவாள். பெற்றோர் விவாகஞ் செய்தவர்களா என்று கேட்கும் கட்டமொன்று நம் நாட்டுப் பிறப்புச் சான்றிதழ்களில் இருந்து வந்தது. அந்த ஒரு கட்டத்தை மறைப்பதற்காகவே பிள்ளையை ஓராண்டு தாமதித்துச் சேர்த்தவர்களும் உளர். தகப்பன் பெயரை வகுப்பிலே எழுந்து நின்று சொல்லும்படி பிள்ளைகளைக் கேட்கலாகாது என்று எங்கள் ஆசிரியர்களிடம் நான் கூறியிருக்கிறேன். விவரம் வேண்டுமாயின் தாயைத் தனியே அழைத்துக் கேட்கலாம். தேர்ச்சி அறிக்கையில் யார் கையொப்பம் இட்டாலும், பிள்ளையை வளர்ப்பவர் அவரேயாயின் ஏற்றுக்கொள்கிறோம். பாட்டனின் கைநாட்டு வந்த அறிக்கைகளும் எங்கள் அலுமாரியில் உண்டு.

என்னை மிகவும் வருத்துவது இன்னொன்று. விவாகரத்து எனும் ஒரு சொல்லுக்கு அஞ்சி, அதனோடு தொடர்பே இல்லாத உரிமைகளையும் நம் பெண்கள் கைவிட்டுவிடுகிறார்கள். "நான் அவரை விவாகரத்துச் செய்யமாட்டேன் ஐயா, அதனாற் கேஸ் எதுவும் வேண்டாம்" என்று தாய்மார் கூறுவார்கள். தாபரிப்புப் பணம் கேட்பதற்கு விவாகரத்து வேண்டியதில்லை! 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டம், பழைய 1889 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் இடத்தில் வந்தது. வருவாயுள்ள வாழ்க்கைத் துணையோ பெற்றாரோ பராமரியாது விட்டால் நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். மணம் பதியப்படாத பெற்றாருக்குப் பிறந்த பிள்ளைக்கும் அவ்வுரிமை உண்டு. பதினெட்டு வயது கடந்து இருபத்தைந்துக்குட்பட்ட பிள்ளையும் தன்னைத் தானே காக்க இயலாதபோது கேட்கலாம். உயர்தரம் படிக்கும் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய துணை என்பதைக் கவனியுங்கள். கட்டளையிட்ட தொகையை ஒருவர் கட்டாவிடில் அவருடைய சம்பளத்திலிருந்தே அதைக் கழிக்குமாறு உத்தரவிடவும் இடமிருக்கிறது. மேலும் அச்சட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. மனைவி வெளிநாடு போய்க் கைவிட்டுவிட, பிள்ளைகளோடு தத்தளிக்கும் தகப்பனும் அதை நாடலாம்.

நான் முதலிற் கூறிய இரு வினாக்களை நேயர்கள் இங்கே நினைவுகூருங்கள். பிழை யாருடையது என்று கேட்பது மாவட்ட நீதிமன்றம். பிள்ளைக்குச் சோறு யார் போடுவது என்று கேட்பது நீதவான் நீதிமன்றம். முதல் வினாவுக்கு அஞ்சி இரண்டாவது வினாவைக் கேட்காமலே வீட்டில் இருந்துவிடுகிறார்கள். அடியும் உதையும் தாங்குவோருக்கும் இவ்வாறே 2005 ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் உண்டு. மணத்தை அறுக்காமலே நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்களுக்கு 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

இனி, அந்த இளைஞர்களுக்கு நான் கூறிய மறுமொழிக்கு வருகிறேன். யாத்திரை போங்கள் என்றேன். ஆனால் "விவாகரத்தை ஒழிப்போம்" என்று பனியனில் அச்சடிப்பதானால் வரவேண்டாம். ஒழியாததை ஒழிப்போம் என்று கூவிப் பயனில்லை, முறிந்து நிற்பவள் அதை வாசித்து இன்னும் கூனிப்போவாள். "துணிந்து பிரிக" என்றும் எழுதவேண்டாம். கோயிற் கமிட்டிப் பெரியவர்கள் "குடும்பம் கலைக்க வந்தார்கள்" என்று லயத்துக்குள் விடமாட்டார்கள், அவர்கள் மீதும் குற்றமில்லை. எந்த ஊரில் எந்த நீதிமன்றம், எந்த நாளில் எங்கே போவது, என்னென்ன பத்திரம் எடுத்துச் செல்வது, விவாகத்தை இப்போதாவது பதிவது எப்படி, இவ்வளவையும் பெரிய எழுத்தில் ஒரு பக்கத்தில் அச்சிட்டுக் கொண்டு வாருங்கள். வாசிக்கத் தெரியாதவருக்கு உங்களில் ஒரு பெண் இருந்து வாசித்துக் காட்டட்டும்.

பெண் என்று நான் வற்புறுத்தியதற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தமிழ்நாட்டுப் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991 ஆம் ஆண்டளவில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அன்றைய மாவட்ட ஆட்சித்தலைவர் ஷீலா ராணி சுங்கத் அம்மையார், எழுத்தறிவோடு சைக்கிளோட்டவும் பெண்களுக்குக் கற்பிக்க ஊக்கமளித்தார். கல்லுடைக்கும் பெண்களும் வயல் வேலைக்குப் போகும் பெண்களும் கற்றனர். இலட்சத்துக்கு மேற்பட்ட நாட்டுப்புறப் பெண்கள் கற்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். முதலில் ஏளனமும் வசையும் கிளம்பின. சில மாதங்களில் தண்ணீர்க் குடத்தையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு போகும் பெண்ணைப் பார்த்து யாரும் திரும்பக்கூட இல்லை. ஒரு பெண் பேச அஞ்சும் பொருளை இன்னொரு பெண் சைக்கிளில் வந்து பேசினால், அச்சத்தில் பாதி அங்கேயே கழியும் என்று நான் நம்புகிறேன். யாழ்ப்பாணத்திலே சைக்கிள் வீட்டில் ஓர் ஆளைப்போல. எங்கள் பதுளையிலோ அதனை ஓட்டுவோரினும் தள்ளிக்கொண்டு போவோரே மிகுதி. ஆகவே மலையேறிவரும் பெண் சைக்கிளோட்டியைப் பார்க்கவாவது லயத்து மக்கள் வெளியே வருவார்கள்.

திரட்டும் பணம் எதற்கு என்பதிலும் ஓர் அபிப்பிராயம் சொன்னேன். குடும்பம் ஒன்றைத் தேர்ந்து, மேடையேற்றி, மாலை போட்டு, காசோலை கொடுத்துப் படம் பிடிக்கும் வழக்கம் எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. வாங்குபவளின் முகம் பத்திரிகையில் வரும். அவளுடைய பிள்ளை மறுநாள் பள்ளிக்கூடம் வரும். நீதிமன்றத் தவணை நாட்களுக்கான பஸ் பணமும் அன்றைய 'பேர்' இழந்ததற்கு ஈடும் வழங்கும் ஒரு சிறு நிதியாக அது இருக்கட்டும். மூன்றாந் தவணைக்கு வராமல் நின்றுபோகும் தாய், அந்தச் சிறு தொகை கிடைத்தால் வருவாள். பெயர்கள் வெளியே தெரியவேண்டியதில்லை; கணக்கை மட்டும் மாதந்தோறும் எழுதி, கேட்பவருக்குக் காட்டலாம்.

காலத்தையும் பற்றிக் கேட்டார்கள். ஐப்பசி முதல் தை வரை ஊவாவில் வடகீழ்ப் பருவமழை. அப்போது மலைச்சரிவு இறங்கும் பாதைகளில் சைக்கிள் பயணம் ஆபத்து. ஆகஸ்ட் மாதத்தில் வெயில் இருக்கும், பாதை காய்ந்திருக்கும். பிபிலை வரை சமவெளி போலவே வந்துவிடலாம். அதற்கப்பால் லுணுகலை ஏற்றத்தில் எவரும் இறங்கித் தள்ளத்தான் வேண்டும். அதற்காக நாணவேண்டாம் என்றேன். தோட்டங்கள் தொடங்குவது அங்கேதான். மாலை நான்கு மணிக்குப் பின் அவ்விடத்துக்கு வந்து சேருமாறு நேரத்தை அமைத்துக்கொண்டால், கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பும் பெண்கள் வீதியோரமாக வருவார்கள்; தள்ளிக்கொண்டே அவர்களோடு பேசிக்கொண்டு நடக்கலாம்.